தூக்கிப் பார்த்து வாங்கியது

நவம்பர் 3, திங்கள்

மங்களாவின் கம்ப்யூட்டர் இன்று காலை உயிரை விட்டது. மாடியிலிருந்து கருகிய வாடை வந்ததும் தீதான் பிடித்துவிட்டது என்று நினைத்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, செத்துப்போன பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதறாதீங்கப்பா. இது ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு."

பழுது பார்க்கிறவர் வந்து, மூடியைக் கழற்றி, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியில்தான் இரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. சினிமாவுக்கு வேண்டிய அரண்மனை, கோட்டை, போர்க்களம் எல்லாவற்றையும் அதற்குள் கட்டுகிறாள். கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு என் பெண் எத்தனை ராஜாக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று எண்ணினால் எனக்கே சிரிப்பு வரும்.

புதிதாக அதே மாதிரிப் பெட்டி வாங்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "லேப்டாப்தான் வேணும்பா. ஆனா இந்த மேசை மேல இருக்கற அத்தனை சக்தியும் அதுல இருக்கணும்." பொங்கல் கழிந்ததும் ஹைதராபாத் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிடுகிறதாம். ஷூட்டிங் நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, எடுக்கப்போகிற காட்சியை முன்கூட்டியே வரைந்து டைரக்டருக்குக் காட்ட வேண்டும். மெஷின் நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரு வருஷ வேலை.

"ஹைதராபாத் வர்றப்ப பாத்துக்கலாம். மெஷினை நான் பாத்து வாங்கித் தர்றேன்" என்றேன்.

"என்கிட்ட பணம் இருக்குப்பா."

"ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் சீர்ச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் நான். என் பொண்ணுக்கு எடுக்க எனக்குத் தெரியாதா?"

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா, நீங்களே பாருங்க" என்றாள்.

பெரிய சாமான் வாங்கும்போது நாள்வாரியாக எழுதிவைப்பது என் வழக்கம். என் பாத்திரக்கடைக்குப் பாலிஷ் மெஷின் வாங்கியபோதும் எழுதினேன், ஃபிரிட்ஜ் வாங்கியபோதும் எழுதினேன். ஏமாந்தால் எந்தக் கிழமையில் ஏமாந்தோம் என்றாவது தெரிய வேண்டும் அல்லவா.

நவம்பர் 5, புதன்

கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டுத் தஞ்சாவூர் போனேன். பெரிய ஷோரூம். குளிர் எலும்புக்குள் போகிறது. போகும்போது கடையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சின்னதுதான், உள்ளங்கையில் அடங்கும். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும்.

முதல் லேப்டாப்பை ஒரு துணிப்பையில் வைத்துத் தராசில் மாட்டியதும், விற்கிற பெண் ஓடி வந்தாள்.

"சார், என்ன சார் பண்றீங்க?"

"எடை பார்க்கிறேம்மா."

"லேப்டாப்பை யாரும் எடை போட்டு வாங்க மாட்டாங்க சார்."

"எடை பார்க்காம பின்ன எதை நம்பி வாங்குறது?"

மூடியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். நாதமே இல்லை. பிஸ்கட் தகரம் மாதிரி டொக்கென்றது. ஒன்றரை கிலோ. இதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறாள். என் கடையில் ஒன்றரை கிலோவுக்கு ஒரு இட்லிப் பானை வரும், மூன்று தலைமுறைக்கு ஓடும்.

"வெயிட் கம்மியா இருந்தாத்தான் சார் விலை ஜாஸ்தி" என்றாள் அந்தப் பெண்.

எங்கள் தொழிலில் இப்படிச் சொன்னால் கடையைக் கொளுத்திவிடுவார்கள். பாத்திரம் என்றால் கனம். சீர் வரிசையில் வைக்கிற குடத்தைச் சம்பந்தி வீட்டு அம்மாள் முதலில் தூக்கித்தான் பார்ப்பாள். கை தாழ்ந்தால் முகம் மலரும். கை லேசாக எழும்பினால் அந்தப் பெண் அங்கே எத்தனை வருஷம் பேச்சு கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

தராசு விஷயம் வீட்டில் தெரிந்துவிட்டது. ஞானம் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகியும் என் மனைவிக்கு வியாபாரம் பிடிபடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஷோரூமில் கிடைப்பது தன் வேலைக்குப் போதாது என்று மங்களா சொன்னாள். கேட்டபடி செய்து கொடுக்கிற கடைகள் தனியாக இருக்கின்றனவாம். கூடு ஓரிடத்திலிருந்து வரும். உள்ளே என்னென்ன வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், அவர்கள் பொருத்திப் பூட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். இது எனக்குப் புரிகிற வியாபாரம். கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்து அண்டா அடிக்கிற மாதிரிதான்.

மூன்று கடைகளின் பெயரைச் சொன்னாள். சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று. தன் வேலைக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதையும் என் போனில் அனுப்பிவைத்தாள்.

"மூணுமே நல்ல இடம்தாம்பா. உங்களுக்கு எங்க திருப்தியோ அங்க வாங்குங்க. எடையை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"அதைத்தானே முதல்ல பார்க்கிறேன்!" என்றேன்.

அவள் இடது தோளைத் தடவிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். குளிர்காலத்தில் அவளுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் குடையும்.

நவம்பர் 11, செவ்வாய்

பெங்களூர்க் கடையில் மனிதர்களே இல்லை. போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. வாட்ஸப்பில் கேட்டால் உடனே பதில் வருகிறது, ஆனால் பேசுவது மெஷின். "உங்கள் கடை எத்தனை வருஷமாக இருக்கிறது?" என்று கேட்டேன். "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே முக்கியம்தான். மெஷின் வாங்குவதற்கு மெஷினோடு பேரம் பேச என்னால் ஆகாது. பெங்களூரைத் தள்ளியாயிற்று.

நவம்பர் 12, புதன்

சென்னைக் கடை பரவாயில்லை. ரோஷன் என்று ஒரு பையன் பேசினான். மரியாதை தெரிந்தவன். எதைக் கேட்டாலும் "நிச்சயமா சார்" என்கிறான். அதில் குழம்பு கூட்டலாமா என்று கேட்டிருந்தாலும் நிச்சயமா சார் என்றுதான் சொல்லியிருப்பான்.

இருப்பதிலேயே கனமானது எது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். பிறகு ஒன்றைச் சொன்னான். பெரிய திரை, நாலரை கிலோ. கரண்ட் கொடுக்க இரண்டு அடாப்டர், இரண்டையும் சேர்த்துச் செருகினால்தான் முழு வேகத்தில் ஓடும். ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி இருக்குமாம். மங்களா அனுப்பியதில் இருந்த எல்லாமே அதற்குள் அடங்கும், அதற்கு மேலும் அடங்கும்.

"ஆனா சார், இது பேருக்குத்தான் லேப்டாப். எங்க கஸ்டமர்ஸ் பெரும்பாலும் இதை நகர்த்தவே மாட்டாங்க. மேசையில வச்சா வச்ச இடத்துலயே இருக்கும்."

அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

மூன்றையும் கேட்டுவிட்டேன் என்று இருக்கட்டுமே என்று கோயம்புத்தூருக்கும் பேசினேன். சின்னக் கடை போலிருக்கிறது. முதலாளியே எடுத்தாள். பூங்கோதை என்று பேர். பின்னால் ஸ்குரூ முடுக்குகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கய்யா, மெஷினு யாருக்குங்க?"

"என் பொண்ணுக்கு."

"எங்க வச்சு வேலை செய்வாங்க?"

"வீட்ல. மாடியில."

"தூக்கிட்டு எங்கெல்லாம் போவாங்க?"

"எங்கேயும் போக மாட்டா."

அந்தப் பக்கம் ஸ்குரூ சத்தம் நின்றது. "அப்புறம் எதுக்குங்கய்யா லேப்டாப்பு? மேசைல வைக்கற பெட்டியே போதுமுங்களே. பாதி விலைல இதைவிட நல்லதா பண்ணித் தாரனுங்க."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நீ விக்கிறியா, இல்ல வேண்டாங்கறியா?"

"கோவிச்சுக்காதீங்க. யாரு வச்சு வேலை செய்யறாங்களோ அவங்ககிட்ட ஒரு பத்து நிமிசம் பேசாம நாங்க கூட்டைத் திறக்கறதில்லைங்க. அப்படித்தான் ஆரம்பத்துல இருந்து. புள்ள பக்கத்துல இருந்தா குடுங்க, நானே கேட்டுக்கறேன்."

மேலே மங்களா நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அவ வெளியில போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாமான் வாங்குகிறவனைக் கேள்வி கேட்கிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன். யார் சமைக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டா நான் பானை விற்கிறேன்?

நவம்பர் 15, சனி

கோயம்புத்தூர் வேண்டாம் என்று முடிவு. ரொம்ப தூரம், நாளைக்கு ஒரு கோளாறு என்றால் யார் போவது.

"சென்னை மட்டும் அடுத்த தெருவுலயா இருக்கு?" என்கிறாள் ஞானம்.

நவம்பர் 18, செவ்வாய்

சென்னையிலிருந்து முழு விவரமும் வந்துவிட்டது. 24ஆம் தேதி முன்பணம் அனுப்பினால் பொங்கலுக்கு முன்னால் கைக்கு வந்துவிடும் என்று ரோஷன் சொல்கிறான். மத்தியானம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மங்களா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்ல மெஷின்தாம்பா" என்றாள். அவள் மாடிக்குப் போன பிறகு ஞானம் பிடித்துக்கொண்டாள்.

"அடாப்டரோட சேர்த்து ஆறரை கிலோங்கறீங்க. அந்தத் தோளோட அவ எப்படித் தூக்குவா?"

"அவ எதுக்குத் தூக்கணும்? மேசையில இருக்கும்."

"ஹைதராபாத்துக்கு மேசையையும் கட்டி அனுப்புவீங்களா?"

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அந்தத் தோளைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டால் மட்டும் மறந்துவிடுமா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் வேலை முடிந்து, மழையில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவளைத் தண்ணீர் லாரி ஒன்று உரசிவிட்டுப் போனது. இடது காறை எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் படுக்கவைத்து நான்தான் கூட்டிவந்தேன். வழி நெடுக ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சட்டையை நான் அப்புறம் போட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடியில் மேசை போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் கடை கட்டி வரும்போது மாடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

சரி. ஆறரை கிலோ ஒரு கனமா என்று ஞானத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று, கடையில் ஒரு வெண்கல உருளியையும் அதற்குள் அடங்குகிற சின்ன உருளியையும் எடுத்தேன். அடாப்டருக்குப் பதிலாக இரண்டு பித்தளைச் சொம்பு. தராசில் வைத்துச் சரியாக ஆறரை ஆக்கி, மங்களாவின் பழைய காலேஜ் பையில் அடைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு பெரிய தெருவிலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், நடக்க நடக்கக் கோயில் மாடு மாதிரி சத்தம் வந்தது. ஆனால் சிரமமே இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"நீங்க மூட்டை தூக்கிப் பழகினவர்" என்றாள் ஞானம்.

பையை மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

முகூர்த்த நாள் நெருங்குகிறது, கடையில் நிற்க இடமில்லை. பையை எடுத்துப் போக மறந்துகொண்டே இருக்கிறேன்.

வலங்கைமானிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்தார். லேசான குடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "கனமா எடுங்க, பொண்ணு பேர் சொல்லும்" என்று என் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர், "அவ துபாய் போறாங்க. ஃபிளைட்ல முப்பது கிலோதான் விடுவானாம். கனமா எடுத்தா எங்க வீட்டுப் பரண்லதான் கிடக்கும்" என்றார். லேசானதையே கட்டிக் கொடுத்தேன். எனக்கு மனசே இல்லை.

விடிகாலையில் படுக்கையில் இருக்கும்போது மாடிப்படிப் பக்கம் வெண்கலச் சத்தம் கேட்டது. பால்காரர் அலுமினியக் கேனை விட்டு வெண்கலத்துக்கு மாறிவிட்டார் போலிருக்கிறது. நல்ல விஷயம்.

நவம்பர் 21, வெள்ளி

கூடமெல்லாம் தைல வாடை. ஞானத்துக்கு மறுபடி முழங்கால் வலி போல. கேட்டால் சொல்ல மாட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று காலை பால்காரர் வரவில்லை. ஊருக்குப் போவதாக நேற்றே சொல்லிவிட்டார். ஆனால் வெண்கலச் சத்தம் வந்தது.

எழுந்து போனேன். படிக்குக் கீழே பை இல்லை. சத்தம் மேலே போனது, நின்றது, மறுபடி கீழே இறங்கியது. வெண்கலத்தின் மேல் பித்தளை இடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா. மூன்றாவது படியில் நான் நின்றேன். திருப்பத்தில் மங்களா வந்தாள். முதுகில் பை. நெற்றியெல்லாம் வேர்வை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது?"

"பழகிக்கிறேம்பா." மூச்சு வாங்கியது. "மொதல் நாள் ஒரு தடவைகூட மொட்டைமாடி வரைக்கும் ஏற முடியல. இன்னிக்கு நாலு தடவை ஏறிட்டேன்."

சின்ன வயதில் சைக்கிள் பழகிவிட்டு வந்து சொன்ன அதே முகம்.

"வலிக்கலையா?"

"வலிக்குதுப்பா."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பையை வாங்கி இறக்கினேன். பனியனின் தோள்பட்டைக்குக் கீழே, ஆப்பரேஷன் தழும்பின் மேலேயே வார் அழுத்திச் சிவந்திருந்தது. தைலம் யாருக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

"லேசா ஒண்ணு வாங்குங்கன்னு என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேப்பா. எடையைப் பாத்துக்கோங்கன்னு."

சொன்னாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

"அதுக்கு மேல சொன்னா சண்டை வரும். சண்டை வந்தா நீங்க ஹைதராபாத்தே வேண்டாம்னுடுவீங்க. அதைவிட இதைத் தூக்கிடறது சுலபம்னு தோணுச்சு." படியில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டாள். "நீங்க எதை வாங்கித் தந்தாலும் எடுத்துட்டுப் போயிடுவேம்பா. ஆனா போவேன். எனக்கு இங்க பயமா இருக்கு. வெளியில போறதுக்குப் பயமா இருக்கறதுனாலதான் மாடியிலயே இருக்கேனோன்னு பயமா இருக்கு."

பையை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். தெருவில் அன்றைக்கு அப்படி வீசி நடந்து வந்த அதே பை, இன்று மூன்று படி இறங்குவதற்குள் கை கடுத்தது.

ஞானம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். அவளுக்கு நான்கு நாளாகத் தெரியும்.

எழுதிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் பார்க்கவில்லை. என் பெண்ணை மேசையோடு சேர்த்து வைக்க ஒரு கல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ அந்தக் கல்லையும் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கிறாள். கனத்தால் ஆகப்போவது ஒன்றுதான், அவள் தோள் இன்னொரு தடவை போகும்.

நவம்பர் 24, திங்கள்

பத்து மணிக்கு ரோஷன் கூப்பிட்டான். வேண்டாம் தம்பி என்றேன். "நிச்சயமா சார்" என்றான், பாவம்.

பிறகு கோயம்புத்தூருக்குப் போட்டேன்.

"அன்னைக்குக் கோவமாப் பேசிட்டேம்மா. கும்பகோணம், பாத்திரக்கடை."

"தெரியுதுங்கய்யா. எங்கேயும் போவாத புள்ளையோட அப்பாதானுங்களே?"

"போவா" என்றேன். "தூக்கிட்டு எங்கெல்லாம் போவாங்கன்னு கேட்டியே. ஹைதராபாத் போவா. அங்க காடு மேடுன்னு ஷூட்டிங் எங்க நடந்தாலும் போவா. அப்புறமும் எங்கெங்கயோ போவா. எனக்கே தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இடது தோள்ல தகடு வச்சிருக்கு. அதையும் சேர்த்துப் பாத்துக்கோ" என்றேன்.

"சரிங்கய்யா. இப்பப் புள்ள வெளியில போயிருக்குதுங்களா, வீட்டுல இருக்குதுங்களா?"

வெட்கமாக இருந்தது. மாடி ஏறிப்போய் மங்களாவிடம் போனைக் கொடுத்தேன். "கோயம்புத்தூர்க்காரங்க. உன்கிட்டதான் பேசணுமாம்" என்று சொல்லிவிட்டுப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நிமிஷம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. எனக்குப் பாதி புரியவில்லை. திரையின் நிறம், சூடு, விசிறிச் சத்தம் என்று என்னவோ போனது. உள்ளே படம் வரைகிற கார்டை ஒரு படி குறைத்தால் எடை எவ்வளவு குறையும் என்று மங்களா கேட்டாள். அடாப்டரைப் பற்றி அந்தப் பெண் சொன்னது மட்டும் எனக்கும் கேட்டது. "ரெண்டு எடுத்துக்குங்க. ஒண்ணு ரூமுல, ஒண்ணு வேலை செய்யற வண்டியில. பையில மெஷினு மட்டும் போனாப் போதும்." சென்னை மெஷினுக்கும் இரண்டு அடாப்டர், இதற்கும் இரண்டு. அங்கே இரண்டையும் இவள் சுமக்க வேண்டும். இங்கே ஒன்றையும் சுமக்க வேண்டாம்.

நடுவில் மங்களா வாய்விட்டுச் சிரித்தாள். கொக்கித் தராசுக் கதையைத்தான் சொல்லியிருப்பாள்.

டிசம்பர் 13, சனி

வந்துவிட்டது. கடைக்கே வரவழைத்தேன். மங்களாவும் ஞானமும் வந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் மங்களா அதை என் முன்னால் நீட்டினாள். "எடை போடுங்கப்பா."

பெரிய தராசில் பழைய துணி விரித்து வைத்தேன். இரண்டு கிலோ அறுநூறு. வாடிக்கையாளர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, இதையும் கிலோக் கணக்குல விக்கிறீங்களா?" என்றார். இந்தக் கடையில் எண் குறைவாக இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது இன்றுதான்.

மூடியைத் தட்டிப் பார்த்தேன். நாதம் கிடையாது. பரவாயில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

மங்களா கிளம்பினாள். ஸ்டேஷனுக்குப் போகும்போது மெஷின் பையை நான் மாட்டிக்கொண்டேன். வண்டி வந்ததும் அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். வலது தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு குதி குதித்துச் சரிசெய்துகொண்டு ஏறினாள்.

சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. "மழை பேஞ்சா ஆட்டோல போ" என்று மட்டும்தான் வந்தது.

"சரிப்பா" என்றாள்.

ஞானம் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து, மாடியில் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகு அப்படி எழுத முடியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

விடிகாலையில் விழிப்பு வந்துவிட்டது. படியில் சத்தம் இல்லை. அந்த உருளிப் பை இன்னும் படிக்குக் கீழேயே கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். இடது தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் பார்த்தேன். நாலு தடவையாம். எனக்கு இரண்டாவது தடவையே கண்ணில் பூச்சி பறந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"அப்பா, எழுந்துட்டீங்களா? இன்னிக்கு முதல் நாள். லொக்கேஷனுக்குக் கிளம்பிட்டிருக்கேன். ஸ்டாப்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் நடந்தே வந்துட்டேன், பையோட."

"தோள் எப்படி இருக்கு?"

"வலிக்கவே இல்லப்பா. ஆமா, உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? அது என்ன, வெண்கலச் சத்தம்?"

"பால்காரர்" என்றேன்.

அவள் சிரித்தாள். பையை இறக்கிக் கீழே வைத்தேன்.